மின்கலத்தின் ஆயுளை அறிதல்



மின்கலம் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய பொருளன்று. 1990களில் மின்சாரம் அற்றுப்போய், பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். மின்கலம் தளர்ந்ததை வானொலியின் குரல் தாழ்வதைக் கொண்டே அன்று அறிந்தோம். அது தளர்ந்தபின் பெறும் அறிவு. தளருமுன் அறிவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க இலிதியம் அயன் மின்கலம் 1991இல் சந்தைக்கு வந்தது. ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அதனுள்ளிருக்கும் இலிதியத்தின் சிறு பங்கு பயன்படாதவாறு படிந்துவிடுகிறது, கொள்ளளவு குறைகிறது. வெப்பம் இத்தேய்வை விரைவுபடுத்தும். புதிதாயிருந்தபோது கொண்ட அளவில் 80 சதவீதத்துக்குக் குறைந்தால், அதன் பணிக்காலம் முடிந்ததெனக் கொள்வது பொது வழக்கு.

எஞ்சிய கொள்ளளவைத் திட்டமாக அறிய, மின்கலத்தை முற்றாக நிரப்பிப் பின் வெறுமையாக்கி அளத்தல் வேண்டும். ஊருக்கு ஒளிதரும் மின்கலத்தை அவ்வாறு நிறுத்திவைத்தல் எளிதோ? இங்கேதான் கணினி துணைக்கு வருகிறது. பல நோயாளரைக் கண்டு தேர்ந்த வைத்தியர் நாடியைத் தொட்டு நோயை உணர்வதுபோல, தேய்ந்துபோன பல மின்கலங்களின் பதிவுகளைப் பயின்ற கணினி, மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகியவற்றிலிருந்து நிலையை மதிப்பிடுகிறது. இதனைப் பொறிக்கற்றல் என்பர்.

2019இல் அமெரிக்க ஆய்வாளர் 124 மின்கலங்களைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். அவற்றுட் சில ஏறத்தாழ 150 சுற்றுகளிலும், சில 2,300 சுற்றுகள் வரை சென்றும் ஓய்ந்தன. முதல் 100 சுற்றுகளின் பதிவை மட்டுங்கொண்டு முழு ஆயுளையும் ஏறக்குறைய 9 சதவீதப் பிழையுடன் கணித்தனர். அந்நிலையில் பெரும்பாலானவற்றின் கொள்ளளவிற் குறைவு தோன்றவே இல்லை என்பதே வியப்பு.

இவ்வறிவு நமக்கு எதற்கு? எழுவைதீவில் சூரிய ஒளி, காற்று, டீசல் ஆகியவற்றுடன் மின்கல அடுக்கும் இணைந்த மின்னிலையம் 2010களில் அமைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கும் இத்தகையன அமைக்க, இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் மின்கலம் ஓய்ந்தால், மாற்று மின்கலமும் வாராது. டீசல் இயந்திரத்துக்கு எண்ணெயும் வாராது. முன்னறிவே அங்கு முதற்காவல்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. அந்த ஆய்வு ஒரேவகை மின்கலங்களை ஆய்வுகூடத்தில் 30 பாகை செல்சியசில் வைத்து நிகழ்ந்தது. நம் தீவுகளின் வெயிலும், மாரிகால முகிலும் அப்பதிவில் இல்லை. தாம் காணாத நோயை வைத்தியர் எவ்வாறு அறிவார்? ஆகவே, நம் மின்கலங்களின் நாளாந்தப் பதிவுகள் இங்கேயே பேணப்படல் வேண்டும். அவற்றைப் படித்துப் பொருளுணரும் மாணவர் நம் பாடசாலைகளிலிருந்து எழல் வேண்டும். பற்றரிக்கு ஏங்கிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு அது கைகூடாத காரியமன்று.