திருத்தப் போகுமுன் கேளுங்கள்



ஜெராம் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியர். இன்று குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். குடி கெடுதல் என்று சொல்வதற்காக அல்ல. அது குடிப்பவருக்கே தெரியும். குடியை விட மனமில்லாதவரிடம் எப்படிப் பேசுவது என்பதே நம் பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் காலையிலேயே மேசையில் தலைசாய்த்துத் தூங்கினான். வீட்டில் இரவெல்லாம் சண்டை, தகப்பனார் சம்சு குடிக்கிறார் என்று தெரிந்தது. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். செம்பனைக் குலை வெட்டிக் களைத்து வந்திருந்தவருக்கு அரை மணி நேரம் புத்தி சொன்னேன். "சரிங்க சார்" என்று தலையாட்டினார். மறுநாள் பையன் பள்ளிக்கு வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. நான் செய்த உபகாரம் அது!

குடியை எதிர்ப்பது நமக்குப் புதிதன்று. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. போருக்குப்பின் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். கடையை மூடப் போராட்டம் வேண்டும். ஆனால் மனிதனின் மனத்தைத் திறக்க மறியல் உதவாது.

1983-ல் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதை விளக்கி எழுதினார். குடிப்பவர் உள்ளத்தில் இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று "விடு" என்கிறது. மற்றது "இன்று மட்டும்" என்கிறது. நாம் போய் "விடு, விடு" என்று வாதாடினால், அவர் மற்றக் குரலுக்கு வக்கீலாகி விடுகிறார். விட வேண்டிய காரணத்தை அவரே தம் வாயால் சொல்லும்படி கேட்பதுதான் வழி.

இரண்டாம் முறை போனபோது நான் புத்தி சொல்லவில்லை. "அண்ணே, குடிப்பதில் உங்களுக்கு என்ன சுகம்?" என்று கேட்டேன். வியப்போடு பார்த்தார். "உடம்பு வலி தெரியாது சார், தூக்கம் வரும்" என்றார். "பிடிக்காதது எதுவும் உண்டா?" என்றேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பையன் பின்கட்டுக்குப் போய்விடுகிறான்" என்றார்.

"விட வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?" என்றேன். "மூன்று" என்றார். "ஏன் ஒன்று போடவில்லை?" என்றேன். இந்தக் கேள்வியைக் கவனியுங்கள். "ஏன் பத்து இல்லை?" என்று கேட்டால் சாக்குப்போக்கு வரும். "ஏன் ஒன்று இல்லை?" என்றால் காரணம் வரும். அவர் சொன்ன காரணம், அவருடைய பையன்.

உடனே திருந்திவிட்டாரா? இல்லை. சில மாதங்கள் சென்றே சுகாதார நிலையத்துக்குப் போனார். அந்தத் தீபாவளிக்கு மறுபடியும் குடித்தார், மறுபடியும் விட்டார். அதே 1983-ல் புரோசாஸ்கா, டிக்ளமெண்டே என்ற இரு அறிஞர்கள், புகைபிடிப்பதை விட முயன்றோரை ஆராய்ந்து, மாற்றம் படிப்படியாக வருவது என்று காட்டினர். நினையாதிருப்பது, நினைப்பது, செய்வது, காப்பது என்பன அந்தப் படிகள். சறுக்குவதும் உண்டு. சறுக்கியவரை ஏசாமல், "சென்ற முறை எப்படி விட்டீர்கள்?" என்று கேளுங்கள்.

தாய்மார்களே, மூன்று செய்திகளை மறவாதீர்கள். குடித்திருக்கும் நேரத்தில் பேசாதீர்கள். காலையில் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள்.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் அப்படிப்பட்டவர் மருத்துவரைக் கண்டு, அவர் சொற்படியே நிறுத்த வேண்டும்.

அடி உதை இருந்தால், பொறுமையாகக் கேளுங்கள் என்று நான் சொன்னது உங்களுக்கன்று. உங்கள் உயிரும் பிள்ளைகளின் உயிருமே முதலில். 15999 என்ற எண்ணைக் கூப்பிட்டால் அரசாங்கத்தின் உதவி கிடைக்கும். போலீஸ் நிலையத்துக்கும் போகலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

முளைத்த கன்றைப் பிடித்து இழுத்தால் வளராது. வேரோடு கையில் வந்துவிடும். இன்று உங்கள் வீட்டில் புத்திமதி ஒன்றைக் குறைத்து, கேள்வி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.