முகாமை மாறும்பொழுது



1838 முதல் மெதடிஸ்த மிசன் நடத்திவந்த பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி, 1960இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி உதவிபெறும் பாடசாலைகளுக்கு வித்தியாதிபதியே முகாமையாளரானார். அம்மாற்றத்தை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் மறுநாளும் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தாக வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடமும் நடந்தாக வேண்டும்.

நம்மிற் பலர் நாளை கந்தோர்களுக்குப் போகவிருக்கின்றோம். அங்கும் மேலிடம் மாறும், சுற்றுநிருபம் வரும். அதைப் பலகையில் ஒட்டிவிட்டுப் போவது தலைமைக்கு அழகன்று. சிற்றூழியர் ஈறாக எல்லோரையும் ஒருங்கே இருத்தி, முழுவதையும் வாசித்துக் காட்டல் வேண்டும். ‘சம்பளம் என்னாகும்? இடமாற்றம் வருமோ?’ என்பனவே முதலில் எழும் கேள்விகள். அவற்றைச் சுயநலமென்று தள்ளலாகாது. தெரியாததைத் தெரியாதென்றே சொல்லுவோம். மிகுதியைத் தேநீர்க்கடை இட்டுக்கட்டிவிடும்! எதிர்த்துப் பேசியவரிடமே புதிய நேரசூசியை ஒப்படைத்துப் பார்ப்போமே.