ஒளி குறைக்கும் ஆளியும் எல்ஈடி மின்குமிழும்

(லாச்சப்பல் பகுதித் தமிழ்க் குடியிருப்பாளருக்கான தகவல் அமர்வில் நகரசபை மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரி அறிவித்தல், வாடகை ஒப்பந்தம், பாடசாலைக் கடிதம் ஆகியவற்றின் சிறிய எழுத்துக்களை வாசித்துத் தமிழில் தருவதே எனது தொழில். சட்டம் பயின்றமையால் சிறிய எழுத்தில்தான் பெரிய விடயம் ஒளிந்திருக்கும் என்பதையும் அறிவேன். அவ்வாறிருந்தும், மின்குமிழ்ப் பெட்டியொன்றின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருந்த ஒரு வரியை நான் வாசிக்கவில்லை. அதன் விளைவை அனுபவித்தவர் என் தந்தையார்.

எங்கள் வீட்டு நடைவழியில் சுழற்றி ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பழைய ஆளி ஒன்று உண்டு. பிரெஞ்சில் அதனை வரியாத்தெர் என்பர். இரவில் எழுந்து செல்லும் தந்தையாருக்குக் கண் கூசாதிருக்க, அதனை மிகக் குறைந்த நிலையில் வைத்துவிட்டு உறங்குவோம். அவர் அழுத்தினால் மங்கலாக எரியும். மின்சாரத்தைச் சேமிக்கும் எண்ணத்துடன் ஒருநாள் அங்கிருந்த ஹலோஜன் குமிழ்களைக் கழற்றி எல்ஈடி குமிழ்களைப் பூட்டினேன். மாலையில் முழு ஒளியில் நன்றாகவே எரிந்தன. அன்றிரவு அவர் ஆளியை அழுத்தியபோது எரியவில்லை. மின்வெட்டு என்றெண்ணி இருளில் நடந்தவர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மறுநாள் குப்பைக்கூடையிலிருந்து பெட்டியை எடுத்து வாசித்தேன். வரியாத்தெருடன் பயன்படுத்தலாகாது என்று தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது.

ஏன் எரியவில்லை? நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் அலைமின்சாரமாகும். அதாவது வினாடிக்கு 100 அரை அலைகள் வருகின்றன. ஒளி குறைக்கும் ஆளி ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு எஞ்சியதையே அனுப்புகிறது. பழைய இழைக் குமிழுக்கு இதனால் பாதகமில்லை. சூடான இழை அந்தச் சிறு இடைவெளியில் அணைவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். எல்ஈடி குமிழினுள்ளோ ஒரு மின்னணுச் சுற்று இருக்கிறது. வெட்டுப்பட்ட அலையை ஏற்கும்படி அது வடிவமைக்கப்படாவிடின் குமிழ் துடிக்கும், அல்லது இரையும். ஆளி கீழ்நிலையில் இருக்கும்போது எரியத் தொடங்கவே போதிய மின்சாரம் கிடைக்காதும் போகலாம். எங்கள் வீட்டில் நிகழ்ந்தது இதுவே.

குமிழ் பொருத்தமானதாயினும் ஆளி பொருந்தாதிருக்கலாம். பழைய ஆளிகளுக்குக் குறைந்தபட்சச் சுமை என்று ஒன்றுண்டு. பெரும்பாலும் 40 அல்லது 60 வாட். கூடத்தில் 60 வாட் குமிழ்கள் நான்கு இருந்த காலத்தில் சுமை 240 வாட். அதே ஒளி தரும் 8 வாட் எல்ஈடி நான்கைப் பூட்டினால் மொத்தம் 32 வாட் மட்டுமே. "மூன்று குமிழ்களை மாற்றும்வரை ஒழுங்காக எரிந்தது, நான்காவதை மாற்றியதும் துடிக்கிறது, அந்த நான்காவது பழுது" என்று கடைக்குக் கொண்டுசெல்வோர் உண்டு. அந்தக் குமிழில் குற்றமில்லை. கடைசியாக எஞ்சியிருந்த பழைய குமிழே அதுவரை சுமையைத் தாங்கி நின்றது.

ஆகவே ஆளியையும் மாற்றவேண்டி வரலாம். எல்ஈடிக்கு உரியது என்று குறிக்கப்பட்டதும், குறைந்தபட்சச் சுமை ஒரு சில வாட் மட்டுமே உடையதுமானதைத் தெரிவுசெய்யுங்கள். அலையின் தொடக்கத்தை வெட்டும் ஆளிகளைவிட இறுதியை வெட்டுபவை எல்ஈடிக்குப் பெரும்பாலும் இசைவானவை. இப்பகுதிப் பழைய கட்டடங்கள் பலவற்றில் ஆளிப் பெட்டிக்குள் நடுநிலைக் கம்பி வருவதில்லை. அக்கம்பி இன்றியே இயங்கும் ஆளி வேண்டும் என்று கடையில் கேளுங்கள்.

ஹலோஜன் நெடுவிளக்கைப் பற்றியும் கூறவேண்டும். அறையின் மூலையில் நின்று கூரையை நோக்கி ஒளி பாய்ச்சும் அந்த விளக்கு, இங்கு முதலில் வந்து சேர்ந்த நம்மவர் பலரின் ஒற்றையறை வாழ்வில் பங்குகொண்டது. தெருவோரத்தில் எவரோ கைவிட்டதைச் சுமந்து வந்தவர்களும் உளர். பலவற்றில் 300 வாட் குழாய்க் குமிழ் இருக்கும். திருகைக் குறைத்துவிட்டால் செலவும் அதேயளவு குறையும் என்பது தவறு. ஒளி பாதியாகும்போதும் அது பாதிக்கு மேற்பட்ட மின்சாரத்தை உண்ணும். அதனுள் எல்ஈடி குழாயைப் பொருத்த முயன்றால், பருமன் கூடியமையால் இடம் போதாமலோ, தண்டிலுள்ள பழைய ஆளியுடன் இசையாமலோ போவதுண்டு. என் கருத்தில், விளக்கையே மாற்றிவிடுதல் நன்று.

இழைக் குமிழ்கள் ஐரோப்பாவில் 2009 முதல் 2012 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டன. சாதாரண ஹலோஜன் குமிழ்கள் 2018 செப்டெம்பரிலும், சுருள் வடிவ ஒளிர்குமிழ்கள் 2021 செப்டெம்பரிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. எனவே எல்ஈடியைத் தவிர்த்து வாழ வழியில்லை, தவிர்க்கவும் வேண்டியதில்லை. மேற்சொன்ன கூடத்து விளக்கு நாளொன்றுக்கு 4 மணிநேரம் எரிவதாகவும், கிலோவாட் மணியின் விலை 20 சதம் என்றும் வைத்துக்கொண்டால், 240 வாட்டுக்கு ஆண்டில் ஏறத்தாழ 70 யூரோ. 32 வாட்டுக்கு 10 யூரோவிலும் குறைவு.

இனி உரிமை. குமிழின் ஒளியைக் குறைக்க இயலாதெனில், அல்லது குறிப்பிட்ட சில ஆளிகளுடன் மட்டுமே இயலுமெனில், அதனைப் பெட்டியில் எச்சரிக்கையாக அறிவிப்பது ஐரோப்பிய விதிகளின்படி கட்டாயம். இரண்டாவது வகைக்குப் பொருந்தும் ஆளிகளின் பட்டியலை உற்பத்தியாளர் தமது இணையத்தளத்தில் தரவேண்டும். எச்சரிக்கையை வாசியாமல் வாங்கிய என் போன்றோருக்கு முறையிட இடமில்லை. ஆனால் பெட்டி ஒன்றைச் சொல்லிக் குமிழ் வேறொன்றைச் செய்தால் நிலைமை வேறு. நுகர்வோர் சட்டக்கோவையின்படி, புதிய பொருளில் இரண்டு ஆண்டுகளுக்குள் வெளிப்படும் குறை, கையளிக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். மறுப்பதாயின் நிறுவவேண்டியவர் விற்பனையாளரே. உற்பத்தியாளரிடம் போங்கள் என்று அவர் உங்களைத் திருப்பியனுப்ப முடியாது.

வாடகைக்கு இருப்போர் அடிக்கடி கேட்பது, ஆளிக்கு யார் பணம் கொடுப்பது என்பதாகும். 1987 ஆகஸ்ட் 26ஆம் திகதிய ஆணை மின்குமிழ்களையும் ஆளிகளையும் வாடகையாளரின் பொறுப்பில் வைக்கிறது. காலத்தால் தேய்ந்து பழுதானவை இதற்கு விலக்கு. சுவரினுள் ஓடும் கம்பிகள் வீட்டுரிமையாளருடையவை. ஆளி சுடுகிறது, கருகிய மணம் வருகிறது என்றால் அது குமிழ் பற்றிய விடயமன்று. உடனே நிறுத்திவிட்டு உரிமையாளருக்குப் பதிவுத்தபாலில் எழுதுங்கள். ஆளியை நீங்களே மாற்றுவதாயின் பிரதான மின்தடுப்பானைக் கீழிறக்குங்கள். ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வீடுகளில் கம்பியின் நிறத்தை நம்பவேண்டாம். நீல நிறக் கம்பி எல்லா இடத்திலும் நடுநிலைக் கம்பியாக இருப்பதில்லை.

கழித்த எல்ஈடிகளையும் சுருள் குமிழ்களையும் வீட்டுக் குப்பையில் இடலாகாது. சுருள் குமிழில் சிறிதளவு பாதரசம் உண்டு. புதியதை வாங்கும் கடையே பழையதைப் பெற்றுக்கொள்ளவேண்டும். இழைக் குமிழும் ஹலோஜனும் சாதாரணக் குப்பைக்குரியவை.

எங்கள் நடைவழி ஆளியை அகற்றிச் சாதாரண ஆளியைப் பொருத்திவிட்டோம். தந்தையாரின் கட்டிலிலிருந்து கழிவறை வரை, இருளில் தானாக எரியும் சிறிய செருகுவிளக்குகள் இரண்டு இருக்கின்றன.

இது குறித்து எம்மிடம் விளக்கம் கேட்டு வருவோர் குமிழை மட்டும் கொண்டுவருகின்றனர். தயவுசெய்து பெட்டியையும் பற்றுச்சீட்டையும் கொண்டுவாருங்கள். சுவரிலுள்ள ஆளியின் எழுத்துக்களைத் தொலைபேசியில் படமெடுத்து வந்தால் இன்னும் நன்று.