கரிக்கோலில் எழுந்த மாந்தர்



கழகத்தின் வெள்ளி விழாவில் கரிக்கோல் ஓவியத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். ஓவியம் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, தேர்வுக்கு உதவாதது என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. அது சரியா என்பதை ஓர் ஓவியரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வோம்.

1946ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அதில் சுட்டினார். அம்மக்களிடையே தோன்றியவரே சார்லஸ் ஒயிட்.

அவர் 1918இல் சிகாகோ நகரில் பிறந்தார். தாயார் பிறர் வீடுகளில் பணி செய்தவர். வேலைக்குச் செல்லும்போது மகனைப் பொது நூலகத்தில் விட்டுச் செல்வார். அங்கே தம் மக்களின் வரலாற்றைப் படித்தறிந்த மகன், பள்ளிப் பாடநூலில் அது இடம்பெறாதது ஏன் என்று ஆசிரியரைக் கேட்டார். ஓவியப் பள்ளிகள் இரண்டு அவருக்கு உதவித்தொகை வழங்க முன்வந்தன. அவர் கறுப்பினத்தவர் என்றறிந்ததும் மறுத்துவிட்டன. ஆயினும் அவர் தளரவில்லை. பின்னர் சிகாகோ கலைக் கழகத்தில் உதவித்தொகை பெற்றுப் பயின்றார்.

அக்காலத்து அமெரிக்க விளம்பரங்களும் கேலிப் படங்களும் கறுப்பின மக்களை நகைப்புக்குரியோராகவே காட்டின. ஒயிட் அதற்குத் தம் கரிக்கோலால் விடையளித்தார். 1953இல் அவர் வரைந்த 'அறுவடைப் பேச்சு' என்னும் ஓவியத்தில் உழவுத் தொழிலாளர் இருவர் நிற்கின்றனர். ஒருவர் நீண்ட பிடியுடைய அரிவாளைத் தீட்டுகிறார். உழைத்துத் திரண்ட கைகள் தாளை நிறைக்கின்றன. பார்ப்போரின் இரக்கத்தை அவர்கள் வேண்டவில்லை, மதிப்பையே பெறுகின்றனர். உள்ளதை உள்ளவாறு வரைதல் அங்கே ஓர் உரிமைக் குரலாயிற்று.

1965 முதல் 1979இல் மறையும் வரை அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓட்டிஸ் கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். இன்று உலகப் புகழ் பெற்ற கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் அவருடைய மாணவர். 2018இல் சிகாகோ கலைக் கழகமே ஒயிட்டின் ஓவியங்களைத் திரட்டிப் பெருங்காட்சி நடத்தியது.

கரிக்கோல் விலையுயர்ந்த கருவியன்று. காற்றுப் புகாமல் சுட்ட மெல்லிய குச்சியே அது. அதன் துகள் தாளில் மெல்ல ஒட்டும். விரலால் தேய்த்தால் நிழலாகும். அழிப்பானால் ஒற்றியெடுத்தால் இருளிலிருந்து வெளிச்சம் பிறக்கும். முகத்தின் சுருக்கத்தையும், புகை படிந்த நகரத் தெருவையும், காரை பெயர்ந்த சுவரையும் காட்ட அது மிகப் பொருத்தமானது.

நம் இல்லங்களில் அடுப்புக்கரியால் சுவரில் வரையும் குழந்தையை அதட்டுகிறோம். இனி அக்கையில் தாளையும் கொடுப்போம். தெருவைக் கூட்டும் தாயையும், மூட்டை சுமக்கும் தந்தையையும், நாம் வாழும் குடியிருப்பையும் பிறர் வரைந்து காட்டும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அவர்களை நன்கறிந்தவர் நம் பிள்ளைகளே.

ஆகவே கழகத்தின் மாலை வகுப்புகளில் வாரம் ஒரு மணி நேரம் ஓவியத்திற்கு ஒதுக்குமாறு நிருவாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். மாணவர் வரைந்தவற்றை இம்மன்றத்தின் சுவரிலேயே மாட்டுவோம். பெற்றோர் வந்து தம் முகங்களை அங்கே காணட்டும்.