நீதிக்குத் தராசு ஒன்றே



மதீனாவில் தங்கள் குலத்தான் திருடியதை மறைத்து, உறவினர்கள் ஒரு யூதர்மீது பழி போட்டார்கள். அவர் நிரபராதி என்பதை உணர்த்தவே அன்னிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதல் இறங்கியதாகத் தஃப்ஸீர்கள் கூறுகின்றன.

நம் கோவைக்கு வருவோம். 1997 நவம்பர் 29இல் உக்கடத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் நம்மவர் 18 பேர் மாண்டனர். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் போயின. நாம் பதினெட்டை எண்ணுகிறோம். எதிர்த்தரப்பு ஐம்பத்தெட்டை எண்ணுகிறது. நம்மவன் செய்தால் ஆத்திரம், அடுத்தவன் செய்தால் வெறி என்கிறோம்.

அந்தக் காவலரும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான். பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது அவரிலிருந்து தொடங்குங்கள். ஒரு மரணத்தையும் விட்டுவிடாதீர்கள்.