இரவல் குரலும் சொந்தக் குரலும்

1960இல் ஏ.வி.எம். நிறுவனம் தயாரிக்க, ஏ. பீம்சிங் இயக்கிய 'களத்தூர் கண்ணம்மா'வில் ஐந்து வயதுச் சிறுவனாக அறிமுகமான கமல்ஹாசன், அப்படத்தின் புகழ்பெற்ற பாடலுக்கு எம்.எஸ். ராஜேஸ்வரியின் குரலில் வாயசைத்தார். பின்னணிப் பாடல் எனப்படும் இம்முறையில், முன்கூட்டியே பதிவான பாட்டைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கவிட, நடிப்பவர் அதற்கு இசைய உதட்டையும் முகத்தையும் இயக்கவேண்டும். குரல் ஒருவருடையது, உடல் வேறொருவருடையது என்ற இந்தப் பிரிவினையைச் சினிமாவின் முதற்பாடமாகப் பெற்றவரே, பின்னாளில் இயக்குநரான போது அந்த இடைவெளியை மூட முயன்றார் என்பது அவரது படைப்புகளை மதிப்பிடுவதற்குப் பொருத்தமான தொடக்கமாகும்.

குழந்தை நட்சத்திரம் என்ற தகுதி வளரிளம் பருவத்தில் உதிர்ந்துவிடுவது இயல்பு. அந்த இடைக்காலத்தில் அவர் டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவிலும், நடன இயக்குநர் தங்கப்பனிடமும் பயின்றார். 'அரங்கேற்றம்' (1973) முதல் கே. பாலசந்தரின் படங்கள் அவரை மீண்டும் நிலைநிறுத்தின. 1997இல் 'அவ்வை சண்முகி'யை 'சாச்சி 420' என இந்தியில் மறுஆக்கம் செய்து இயக்குநரானார்.

அவருடைய உண்மையான இயக்குநர் முகம் 'ஹே ராம்' (2000) படத்தில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. தமிழ், வங்காளம், மராத்தி, உருது, ஆங்கிலம் எனப் பாத்திரங்கள் தத்தம் மொழியிலேயே பேசும் அப்படத்தில், மரணப்படுக்கையிலிருக்கும் சாகேத் ராமின் நிகழ்காலம் கறுப்பு வெள்ளையிலும், அவருடைய கடந்தகாலம் வண்ணத்திலும் அமைந்திருப்பதால், நினைவே உயிருள்ளது, இன்றைய நாளே வெளிறியது என்ற எண்ணம் வசனமின்றியே பார்வையாளரைச் சேர்கிறது.

'விருமாண்டி' (2004) இன்னும் துணிச்சலானது. தமிழ்ப் படங்களில் நடிப்பு முடிந்தபின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வசனத்தைத் திரும்பப் பேசிச் சேர்க்கும் 'டப்பிங்' முறையே பெருவழக்காக இருந்த காலத்தில், தளத்திலேயே பேச்சைப் பதிவுசெய்யும் நேரடி ஒலிப்பதிவை அவர் கையாண்டார். கூத்துப்பட்டறையில் உருவான பசுபதியின் கொத்தாளத் தேவர், மூச்சும் இழுவையும் சிதையாத தென்மாவட்டப் பேச்சோடு நிற்பதற்கு இம்முறையும் ஒரு காரணம். ஒலிக்கூடத்தின் குளிரில் அந்தப் புழுதிக் குரலை மீட்டிருக்க முடியாது.

மரண தண்டனை பற்றி ஆவணப்படம் எடுக்க வரும் ஏஞ்சலா காத்தமுத்துவிடம் (இந்த வேடமேற்ற ரோகிணியும் குழந்தை நட்சத்திரமாக வந்தவரே) ஆயுள் கைதி கொத்தாளரும், தூக்குக் கைதி விருமாண்டியும் ஒரே கதையை இருவிதமாகச் சொல்கின்றனர். முதலாமவரின் வாய்மொழியில் பலவந்தத்துக்கு ஆளானவளாக வரும் அன்னலட்சுமி, இரண்டாமவரின் வாய்மொழியில் விரும்பி உடன்போனவளாகிறாள். அதே நடிகை, அதே தாலி, ஆயினும் முகத்தின் பொருள் தலைகீழாக மாறுகிறது.

தாம் இயக்கிய படங்களிலெல்லாம் தாமே நாயகனாக நிற்பது அவரது குறை எனலாம். பொய் சொல்பவர் யார் என்ற ஐயம் 'விருமாண்டி'யில் நெடுநேரம் நீடிப்பதில்லை. நாயகன் பொய் சொல்லமாட்டான் என்பது அரங்குக்கு முன்பே தெரியும். 'விஸ்வரூபம்' (2013) அந்த நாயக வழிபாட்டை மேலும் பெருக்கியது. ஆனால் இதைவிட ஆழமான இழப்பு ஒன்றுண்டு. ஊர்ப்பேச்சின் ஒவ்வொரு மூச்சையும் பதிவுசெய்த படத்தில், இரண்டு ஆண்கள் சொல்லும் கதைக்கு நடுவே இறந்துபோன அன்னலட்சுமிக்கு மட்டும் மூன்றாவது வாக்குமூலம் இல்லை.