வயதுக்கு வந்தாச்சு, எலும்பு வளர்ந்தாச்சா?



பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் பேசும்போது ஒரு தாய் எழுந்து கேட்டார்: "ஐயா, எம்பொண்ணுக்கு பதினஞ்சு வயசு. என்னைவிட ஒசரம். வயசுக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. இன்னும் என்னா வளரப்போறா? மாப்பிள்ளை பார்த்தாச்சு." அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பிள்ளைகளின் கை, கால் எலும்புகளின் முனைப் பக்கம் குருத்தெலும்பு உண்டு. அது வளர்ந்து கெட்டி எலும்பாக மாறுவதால்தான் பிள்ளை உயருகிறது. பெண் பிள்ளைகள் பத்து, பதினோரு வயதில் மளமளவென்று வளரத் தொடங்குவார்கள். ஆண் பிள்ளைகளுக்கு இது சுமார் இரண்டு வருடம் பிந்தி வரும். பூப்பெய்திய பிறகு பெண் பெரும்பாலும் 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் உயருவாள். அதனால்தான் வளர்ச்சி முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

ஆனால் உயரம் வேறு, உறுதி வேறு. குழந்தை பிறக்க வழிவிடும் இடுப்பெலும்பு, உயரம் நின்ற பிறகும் சில ஆண்டுகள் வளரும். எலும்புக்குள் சுண்ணாம்புச் சத்து சேர்வதும் நிற்பதில்லை. சுவர் எழும்பிவிட்டது என்று ஈரம் காயுமுன் கூரையைத் தூக்கி வைப்போமா? அந்த வயதில் கருவுற்றால் பிரசவம் சிக்கலாகலாம். குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். தாயின் உயிருக்கும் ஆபத்து.

இந்த வயதில் என்ன கொடுப்பது? 13 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நம் தர்மபுரி மண்ணில் விளையும் கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். "களி ஏழைச் சோறு" என்று ஒதுக்காதீர்கள். களியோடு கீரை, மோர், முட்டை கொடுங்கள். பிள்ளைகள் வெயிலில் ஓடியாடி விளையாடட்டும், பெண் பிள்ளைகளும்தான்.

தண்ணீரையும் பாருங்கள். நம் மாவட்டத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிக்க ஏற்றதல்ல. வளரும் எலும்பு அதை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். பல் கறைபடும், நாளடைவில் மூட்டு விறைக்கும், கால் வளையவும் கூடும். காய்ச்சினாலும் அது போகாது. இதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரையே பயன்படுத்துங்கள். கிணற்றுத் தண்ணீர் துவைக்க, கழுவ இருக்கட்டும்.

பெண்ணுக்குப் பதினெட்டு வயது என்று சட்டம் சொல்கிறது. அவள் உடம்பும் அவசரப்படாதே என்றுதான் சொல்கிறது. எங்காவது சிறுமிக்குக் கல்யாண ஏற்பாடு நடந்தால் 1098-க்குச் சொல்லுங்கள்.

அந்தத் தாய் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். "படிக்கட்டும் ஐயா, எலும்பும் முத்தட்டும்" என்றார். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.